கிறிஸ்டியன் டாப்ளர்

இருப்புப் பாதையின் ஓரத்தில் நின்று, விரைந்து வரும் புகைவண்டியின் ஊதல் ஒலியைக் கேட்டிராதவர் இலர். வண்டி நம்மை நோக்கி வரும்பொழுது அவ்வொலி உச்சமாகக் கேட்கும். நம்மைக் கடந்து அப்பால் செல்லத் தொடங்கியதும் அதே ஒலி சட்டெனத் தாழ்ந்து கேட்கும். வண்டியில் உள்ளவர்க்கோ ஊதலின் சுருதி சிறிதும் மாறுவதில்லை. இம்மாறுதல் ஏன் நிகழ்கின்றது? இவ்வினாவுக்கு விடை கண்டவர் கிறிஸ்டியன் டாப்ளர் என்னும் அறிஞர். அவர் கண்ட விதி ஒலிக்கு மட்டும் உரியதாக நின்றுவிடவில்லை. விண்மீன்களின் ஓட்டத்தை அளக்கவும், விண்கலங்கள் அனுப்பும் செய்திகளைப் பிழையின்றிப் பெறவும், காலத்தின் இயல்பையே ஆராயவும் அது கருவியாயிற்று. எனினும் அதனைக் கண்டவருடைய வாழ்வு இன்னல்கள் நிறைந்தது. அவ்வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

ஆல்ப்ஸ் மலைத் தொடரின் அடிவாரத்தில் சால்ஸ்பர்க் என்னும் எழில் மிக்க நகரம் உள்ளது. இன்று அது ஆஸ்திரியா நாட்டைச் சேர்ந்தது. இசை மேதை மோட்சார்ட்டு பிறந்த நகரமும் அதுவே. அந்நகரில் 1803-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29-ஆம் நாள் டாப்ளர் பிறந்தார். அவருடைய முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் கல்தச்சுத் தொழில் புரிந்து வந்தனர். அத்தொழிலால் அக்குடும்பம் நல்ல நிலையில் வாழ்ந்தது. தந்தைக்குப் பின் மைந்தன் உளியைக் கையில் எடுப்பது அக்குடியின் வழக்கம்.

ஆனால், டாப்ளர் பிறவியிலேயே மெலிந்த உடலினர். கல்லைப் பிளப்பதற்கும் சுமப்பதற்கும் ஏற்ற வலிமை அவரிடம் இல்லை. எனவே, அவரை வேறு துறையில் செலுத்தத் தந்தையார் எண்ணினார். உள்ளூர் உயர்நிலைக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்த சைமன் ஸ்டாம்ப்பர் என்னும் பேராசிரியரை அணுகி, அவர் கருத்தைக் கேட்டார். இளைஞரிடம் கணிதத் திறமை ஒளிந்திருப்பதை ஸ்டாம்ப்பர் உணர்ந்தார். வியன்னா நகரத்திற்கு அனுப்பிப் படிக்க வைக்குமாறு கூறினார். அவ்வறிவுரையின்படி 1822-ஆம் ஆண்டில் டாப்ளர் வியன்னாவில் உள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் அந்நகரப் பல்கலைக் கழகத்தில் உயர் கணிதம், இயக்கவியல், வானியல் ஆகியவற்றைப் பயின்றார். உடல் மெலிவு அவரை உளியிடமிருந்து பிரித்தது; அதுவே அவரை அறிவியலிடம் கொண்டு சேர்த்தது.

வேலை தேடிய காலம்

1829-ஆம் ஆண்டில் டாப்ளர் தாம் பயின்ற தொழில்நுட்பக் கல்லூரியிலேயே கணிதப் பேராசிரியர் ஒருவர்க்கு உதவியாளராக அமர்ந்தார். அப்பதவி நிலையானதன்று, நான்கு ஆண்டுகளுக்கு மட்டுமே உரியது. அந்நான்கு ஆண்டுகளில் அவர் சில கணிதக் கட்டுரைகளை வெளியிட்டார். 1833-ஆம் ஆண்டில் பதவிக் காலம் முடிவடைந்தது. அப்பொழுது அவருக்கு வயது முப்பதை எட்டிக்கொண்டிருந்தது.

அக்காலத்தில் ஆசிரியப் பதவி பெறுவது எளிதன்று. காலியான ஒவ்வோர் இடத்திற்கும் பலர் போட்டியிட்டனர். விண்ணப்பித்தவர் போட்டித் தேர்வு எழுதிவிட்டு, முடிவுக்காக நெடுங்காலம் காத்திருக்க வேண்டும். டாப்ளர் பல இடங்களுக்கு விண்ணப்பித்தார். ஓரிடத்திலிருந்தும் நல்ல செய்தி வரவில்லை. வயிற்றுப் பாட்டிற்காக அவர் ஒரு நூற்பாலையில் கணக்கராகச் சேர்ந்தார். உயர் கணிதம் கற்றவர் ஒன்றரை ஆண்டுக் காலம் பஞ்சுக்கும் நூலுக்கும் வரவு செலவு எழுதினார்.

இனித் தாய்நாட்டில் தமக்கு வாழ்வில்லை என்று அவர் மனம் கசந்தார். அமெரிக்கா சென்று குடியேறுவது என முடிவு செய்தார். தம் உடைமைகளை விற்றார். 1835-ஆம் ஆண்டில் மியூனிக் நகரத்திற்குச் சென்று, அங்கிருந்த அமெரிக்கத் தூதுவரைக் கண்டு பேசினார். புறப்படும் நிலையில் இருந்த அவருக்கு அந்நேரத்தில் பிராக் நகரிலிருந்து கடிதம் ஒன்று வந்தது. அங்குள்ள உயர்நிலைத் தொழிற்பள்ளியில் கணித ஆசிரியர் பதவி அவருக்குக் கிடைத்திருந்தது. டாப்ளர் பயணத்தைக் கைவிட்டுப் பிராக் நகரை அடைந்தார். அடுத்த ஆண்டில், சால்ஸ்பர்க் நகரப் பொற்கொல்லர் ஒருவருடைய மகளான மட்டில்டா என்பவரை மணந்தார். அவர்களுக்கு ஐந்து மக்கள் பிறந்தனர். 1841-ஆம் ஆண்டில் அவர் பிராக் தொழில்நுட்பக் கல்லூரியின் பேராசிரியரானார்.

புதிய விதி

1842-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் நாள், பிராக் நகரில் இருந்த பொஹீமிய அறிவியல் கழகத்தின் கூட்டத்தில் டாப்ளர் ஒரு கட்டுரையைப் படித்தார். இரட்டை விண்மீன்களின் வண்ண ஒளியைப் பற்றியது அக்கட்டுரை. வந்திருந்தோர் மிகச் சிலரே. உலகம் போற்றப்போகும் ஓர் உண்மை தம் செவியில் விழுகின்றது என்பதை அவர்களுள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

டாப்ளர் கூறிய கருத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நங்கூரமிட்டு நிற்கும் கப்பல் ஒன்றன்மீது கடல் அலைகள் ஒரே சீராக வந்து மோதுகின்றன என்று கொள்வோம். அக்கப்பல் அலைகளை எதிர்த்துச் செல்லத் தொடங்கினால், ஒரு நிமிடத்தில் முன்னிலும் மிகுதியான அலைகள் அதன்மீது மோதும். அலைகள் செல்லும் திசையிலேயே கப்பலும் சென்றால், மோதும் அலைகளின் எண்ணிக்கை குறையும். அலைகள் மாறவில்லை, அவற்றைப் பெறும் விரைவே மாறுகின்றது. அலைகளை எழுப்பும் பொருள் நகர்ந்தாலும் இத்தகைய மாறுதல் நேரும்.

ஒலியும் அலையே. ஒரு நொடியில் செவியை அடையும் அலைகளின் எண்ணிக்கை மிகுந்தால் சுருதி உயரும். குறைந்தால் சுருதி தாழும். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். நொடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர், விரைவுடன் வரும் வண்டியின் ஊதலை எண்ணிப் பார்ப்போம். ஒரு நொடியில் எழும் அலைகள் 340 மீட்டர் நீளத்தில் பரவுவதற்கு மாறாக 320 மீட்டருக்குள் நெருங்கி அமைகின்றன. ஆகவே, வண்டியில் எழும் 16 அலைகளின் நேரத்தில் நம் செவியை 17 அலைகள் அடைகின்றன. இசையில் ஒரு சுரத்தானத்திற்கும் அதற்கு அடுத்த சுரத்தானத்திற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ இவ்வளவே.

ஒளியும் அலையாதலின், இவ்விதி ஒளிக்கும் பொருந்தும் என்று டாப்ளர் துணிந்தார். இதுவே அவருடைய பெருஞ்சிறப்பு. நம்மை நோக்கி வரும் ஒளி நிறமாலையின் ஊதாப் பக்கமாகவும், விலகிச் செல்லும் ஒளி சிவப்புப் பக்கமாகவும் நகரும் என்பது அவர் கண்ட முடிவு. இம்முறை வருங்காலத்தில் விண்மீன்களின் இயக்கத்தை அறிய வானியலார்க்குப் பயன்படும் என்றும் அவர் நம்பினார்.

இங்கே அவர் ஒரு பிழையும் செய்தார். விண்மீன்கள் யாவும் இயல்பில் வெண்மை நிறம் உடையவை என்றும், அவற்றில் காணும் சிவப்பும் நீலமும் அவற்றின் ஓட்டத்தாலேயே தோன்றுகின்றன என்றும் அவர் கருதினார். விண்மீனின் நிறம் அதன் வெப்ப நிலையைப் பொறுத்தது என்பதை இன்று நாம் அறிவோம். கண்ணுக்குப் புலனாகும் அளவிற்கு நிறம் மாற வேண்டுமாயின், விண்மீன் ஒளியின் விரைவில் பெரும்பகுதியோடு ஓட வேண்டும். நாம் காணும் விண்மீன்கள் அவ்வளவு விரைவாக ஓடுவதில்லை. விதி மெய்யானது, அவர் அதனைப் பொருத்திய இடம் தவறானது.

இருப்புப் பாதையில் ஒரு சோதனை

டாப்ளருடைய கருத்தைச் சிலர் வரவேற்றனர். பிராக் நகரில் வாழ்ந்த பெர்னார்டு போல்சானோ என்னும் கணித மேதை அதன் அருமையை உணர்ந்து, அதனை ஆதரித்து எழுதினார். ஆயினும் ஐயுற்றவர் பலர். அவர்களுள் ஒருவர் பைஸ் பலாட்டு. அவர் ஆலந்து நாட்டில் உட்ரெக்டு நகரைச் சேர்ந்த இளம் அறிஞர். அப்பொழுது அவருக்கு வயது 27. விண்மீன்களின் நிறத்தைப் பற்றி டாப்ளர் கூறியதை அவர் ஏற்கவில்லை. எனினும் வாய்ப்பேச்சால் மறுக்காமல், முதலில் ஒலியை வைத்துச் சோதித்துப் பார்க்க விரும்பினார்.

அந்நாளில் புகைவண்டி புதுமைப் பொருள். மிக விரைவாகச் செல்லும் ஊர்தி வேறொன்றும் இல்லை. உட்ரெக்டுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் இடையே உள்ள பாதையில் ஓர் எஞ்சினையும் வண்டியையும் பயன்படுத்த அவர் இசைவு பெற்றார். 1845-ஆம் ஆண்டு பிப்பிரவரி மாதத்தில் செய்த முதல் முயற்சி கல்மழையாலும் பனியாலும் தடைப்பட்டது. மனம் தளராமல் அவ்வாண்டு சூன் மாதத்தில் மீண்டும் முயன்றார். எக்காளம் ஊதுவோர் வண்டியில் அமர்ந்து ஒரே சுருதியை இடைவிடாது ஊதினர். நுண்ணிய செவியுணர்வு படைத்த இசைவாணர்கள் பாதையின் ஓரத்தில் நின்று, தாம் கேட்ட சுருதியைக் குறித்துக் கொண்டனர். பிறகு ஊதுவோர் தரையில் நிற்க, கேட்போர் வண்டியில் சென்றனர்.

எஞ்சினின் இரைச்சல் செவியைத் துளைத்தது. விரைவை ஒரே அளவில் வைத்திருப்பதும் எளிதாக இல்லை. ஆயினும் முடிவு தெளிவாகவே இருந்தது. வண்டி நெருங்கும்பொழுது சுருதி உயர்ந்தது, விலகும்பொழுது தாழ்ந்தது. பைஸ் பலாட்டு நடுவுநிலை தவறாதவர். ஒலியைப் பொறுத்த வரையில் டாப்ளரின் விதி மெய் என வெளிப்படையாக அறிவித்தார்; விண்மீன்களின் நிறம் பற்றிய கருத்தை மட்டும் மறுத்தார். இரண்டிலும் அவர் கூறியது சரியே. மறுக்க எண்ணியவரே ஒரு விதிக்கு முதற்சான்று தேடித் தந்தது அறிவியல் வரலாற்றில் நினைக்கத் தக்க நிகழ்ச்சியாகும்.

இறுதிக் காலம்

பிராக் நகரில் டாப்ளருடைய பணிச்சுமை மிகப் பெரிது. நூற்றுக்கணக்கான மாணவர்களுக்கு அவர் எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் நடத்த வேண்டியிருந்தது. மெலிந்த உடல் அதனைத் தாங்கவில்லை. 1844-ஆம் ஆண்டில் அவர் நோயுற்று, நெடுநாள் விடுப்பில் இருக்க நேர்ந்தது. 1847-ஆம் ஆண்டில் ஷெம்னிட்சு என்னும் ஊரில் இருந்த சுரங்கவியல் கல்லூரிக்குப் பேராசிரியராகச் சென்றார். மறு ஆண்டில் நாடெங்கும் புரட்சி மூண்டது. அமைதியை நாடி அவர் 1849-ஆம் ஆண்டில் வியன்னாவுக்குத் திரும்பினார். 1850-ஆம் ஆண்டில் வியன்னாப் பல்கலைக் கழகத்தில் இயற்பியல் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் என்னும் பெருமை டாப்ளரை அடைந்தது. பிற்காலத்தில் மரபியலின் தந்தை எனப் பெயர் பெற்ற கிரிகோர் மெண்டல் அங்கு அவரிடம் இயற்பியல் பயின்றார்.

புகழ் வந்த காலத்திலேயே எதிர்ப்பும் வந்தது. ஒளிப்படக் கருவிக்குச் சிறந்த வில்லையை அமைத்தவராகிய பெட்ஸ்வால் என்னும் கணிதப் பேராசிரியர், 1852-ஆம் ஆண்டில் வியன்னா அறிவியல் கழகத்தில் டாப்ளரின் விதியை வன்மையாகத் தாக்கினார். எளிய கணக்கு ஒன்றினால் இயற்கையின் பெருவிதியை நிலைநாட்ட இயலாது என்பது அவர் கருத்து. அலைகள் பரவும் ஊடகம் நகர்வதால் சுருதி மாறாது என்று அவர் கணித்துக் காட்டினார். அக்கணக்கு தவறன்று. ஆனால், டாப்ளர் பேசியது ஊடகம் நகர்வதைப் பற்றியன்று; ஒலிப்பவரும் கேட்பவரும் நகர்வதைப் பற்றியே. இருவரும் இரு வேறு பொருள்களைப் பற்றிப் பேசினர். இவ்வேறுபாட்டை எர்னஸ்டு மாக் என்னும் இளைஞர் 1860-ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தி, தாமே அமைத்த கருவியால் டாப்ளரின் விதியை மெய்ப்பித்தார்.

அதனைக் காண டாப்ளர் உயிரோடு இல்லை. நுரையீரல் நோய் முற்றியமையால், இதமான தட்பவெப்பத்தை நாடி 1852-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் வெனிஸ் நகருக்குச் சென்றிருந்தார். உடல்நலம் மீளவில்லை. 1853-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 17-ஆம் நாள் அங்கேயே இயற்கை எய்தினார். அப்பொழுது அவருக்கு வயது 49. தாய்நாட்டை விட்டு அயலூரில், சான் மிக்கேல் என்னும் சிறு தீவின் இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

விண்மீன்களில் கிடைத்த சான்று

டாப்ளருக்குப் பின் அவருடைய விதி மேன்மேலும் வளர்ந்தது. விண்மீன் ஒளியைப் பிரித்தால் தோன்றும் நிறமாலையில் கருங்கோடுகள் பல காணப்படும். பிரெஞ்சு அறிஞர் ஃபிசோ என்பவர், விண்மீனின் முழு நிறத்தை நோக்காமல் இக்கோடுகள் இடம் பெயர்வதை நோக்க வேண்டும் என்று 1848-ஆம் ஆண்டிலேயே கூறியிருந்தார். 1868-ஆம் ஆண்டில் ஆங்கிலேய அறிஞர் ஹக்கின்ஸ், சிரியஸ் என்னும் விண்மீனின் ஓட்டத்தை இவ்வழியில் அளக்க முயன்றார். இருபது ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியில் போட்ஸ்டாம் வான்நிலையத்தில் ஃபோகல் என்பவர் நிறமாலைகளை ஒளிப்படமாக எடுத்து அவ்வளவைகளைச் செம்மையாக்கினார். தொலைநோக்கியில் ஒன்றாகவே தோன்றும் சில விண்மீன்கள் உண்மையில் ஒன்றையொன்று சுற்றும் இரட்டையர் என்பதும் இக்கோடுகளின் அசைவால் வெளிப்பட்டது. டாப்ளர் இரட்டை விண்மீன்களைக் கொண்டே தம் விதியை விளக்க முற்பட்டார். இறுதியில் அவ்விதியே இரட்டை விண்மீன்களைக் கண்டறியும் கருவியாயிற்று.

ஐன்ஸ்டைன் செய்த திருத்தம்

டாப்ளரின் விதியில் விடுவிக்கப்படாத ஒரு சிக்கல் இருந்தது. ஒலியைப் பொறுத்த மட்டில், ஒலிப்பவர் நகர்வதும் கேட்பவர் நகர்வதும் ஒன்றல்ல. ஒலிப்பவர் ஒலியின் விரைவில் பாதியோடு நெருங்கினால் அதிர்வு எண்ணிக்கை 2 மடங்காகும். கேட்பவர் அதே விரைவோடு நெருங்கினால் அது ஒன்றரை மடங்கே ஆகும். காற்றைக் கொண்டு யார் நகர்கின்றார் என்று சொல்லிவிடலாம். ஒளியோ காற்றில்லாத வெட்டவெளியிலும் செல்வது. அங்கே யார் நிற்கின்றார், யார் நகர்கின்றார் என்று எதனைக் கொண்டு சொல்வது?

1905-ஆம் ஆண்டில் ஆல்பர்ட்டு ஐன்ஸ்டைன் வெளியிட்ட சார்பியல் கொள்கை இச்சிக்கலை அவிழ்த்தது. ஒளியின் விரைவு யார் அளந்தாலும் ஒன்றே. நகரும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்பன அக்கொள்கையின் முடிவுகள். ஒளியின் விரைவில் ஐந்தில் மூன்று பங்கு விரைவோடு ஒரு விண்கலம் பூமியை விட்டு விலகுகின்றது என்று கற்பனை செய்வோம். அது நொடிக்கு ஒரு குறி அனுப்புகின்றது. கலமே நகர்கின்றது என்று பழைய முறையில் கணக்கிட்டால், 1.6 நொடிக்கு ஒரு குறி பூமியை அடையும். பூமியே நகர்கின்றது என்று கணக்கிட்டால், 2.5 நொடிக்கு ஒரு குறி வரும். இரு விடைகளும் முரண்படுகின்றன. இவ்விரைவில் நகரும் கடிகாரத்தின் ஒரு நொடி 1.25 நொடியாக நீளும் என்பது ஐன்ஸ்டைனின் கணக்கு. கலம் நகர்வதாகக் கொண்டால், குறி அனுப்பும் கடிகாரம் மெதுவாக ஓடுகின்றது, 1.6-ஐ 1.25-ஆல் பெருக்க, 2 நொடி கிடைக்கும். பூமி நகர்வதாகக் கொண்டால், குறியைப் பெறும் கடிகாரம் மெதுவாக ஓடுகின்றது, 2.5-ஐ 1.25-ஆல் வகுக்க, அதே 2 நொடி கிடைக்கும். முரண் மறைந்தது. யார் நகர்ந்தால் என்ன, விடை ஒன்றே.

கலம் நெருங்கி வந்தால் அரை நொடிக்கு ஒரு குறி வந்து சேரும். அது நெருங்காமலும் விலகாமலும் பக்கவாட்டில் செல்லும்பொழுது பழைய விதிப்படி எம்மாறுதலும் இராது. புதிய விதியோ அங்கும் 1.25 நொடி என்று கூறும். இம்மாறுதல் காலம் நீளுவதால் மட்டுமே தோன்றுவது.

இக்கலம் 3 ஒளியாண்டுத் தொலைவு சென்று, உடனே திரும்பி வருவதாகக் கொள்வோம். பூமியின் கணக்கில் பயணம் 10 ஆண்டு. கலத்தின் கணக்கில் 8 ஆண்டு. கலத்தில் உள்ளோர் ஆண்டுக்கு ஒரு செய்தி அனுப்பினால், செல்லும்பொழுது அனுப்பிய 4 செய்திகளும் 8 ஆண்டுகளில் பூமிக்கு வரும். திரும்பும்பொழுது அனுப்பிய 4 செய்திகளும் எஞ்சிய 2 ஆண்டுகளுக்குள் விரைந்து வந்துவிடும். பூமியினர் ஆண்டுக்கு ஒன்றாக அனுப்பும் 10 செய்திகளையும் கலத்தினர் பெறுவர்; செல்லும் 4 ஆண்டுகளில் 2 செய்திகளும், மீளும் 4 ஆண்டுகளில் 8 செய்திகளும் அவர்களை அடையும். ஒரு செய்தியும் தவறவில்லை. இரு சாராரின் கணக்கும் சிறிதும் பிசகவில்லை.

காலம் நீளுவதைச் சோதனைச் சாலையில் முதன்முதல் ஒளியின் வழியாக அளந்தவர்கள் ஐவ்ஸ், ஸ்டில்வெல் என்னும் அமெரிக்க அறிஞர்கள். 1938-ஆம் ஆண்டில் அவர்கள் விரைந்தோடும் நீரக அணுக்கள் வெளியிட்ட ஒளியை ஆராய்ந்தனர். ஐவ்ஸ் சார்பியல் கொள்கையில் நம்பிக்கை இல்லாதவர். ஆயினும் அவர் கண்ட அளவுகள் அக்கொள்கைக்கே துணை நின்றன. பைஸ் பலாட்டின் கதை மீண்டும் நிகழ்ந்தது.

விண்கலங்களின் குரல்

1957-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் ஸ்புட்னிக் என்னும் செயற்கைத் துணைக்கோள் விண்ணில் ஏவப்பட்டது. அது அனுப்பிய வானொலிக் குறிகளை அமெரிக்க அறிஞர் சிலர் உற்றுக் கேட்டனர். கோள் நெருங்கும்பொழுது அதிர்வெண் உயர்வதும், விலகும்பொழுது தாழ்வதும் தெரிந்தன. அம்மாறுதலை மட்டும் கொண்டே கோள் செல்லும் பாதையை அவர்கள் கணித்துவிட்டனர். கோளின் பாதை தெரிந்தால், கேட்பவர் நிற்கும் இடத்தை அறியலாம் என்பதும் புலனாயிற்று. கப்பல்களுக்கு வழிகாட்டும் துணைக்கோள்கள் இவ்வாறு பிறந்தன. பின்னாளில் அமைந்த வழிகாட்டும் கோள்களின் கடிகாரங்கள், தம் விரைவினால் நாள் ஒன்றுக்கு ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் 7 பங்கு பின்தங்கும். ஈர்ப்பு குறைந்த உயரத்தில் இருப்பதால் 45 பங்கு முந்தும். எஞ்சும் 38 பங்கைத் திருத்தாவிட்டால், ஒரே நாளில் பல கிலோமீட்டர் பிழை நேரும்.

1977-ஆம் ஆண்டில் புறப்பட்ட வாயேஜர் 1 என்னும் கலம் நொடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் விரைவோடு கதிரவனை விட்டு விலகிச் சென்றது. விரைவு ஒன்றினால் மட்டும் அதன் கடிகாரம் ஆண்டுக்கு ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு பின்தங்கும். பூமியோ கதிரவனை நொடிக்கு 30 கிலோமீட்டர் விரைவில் சுற்றுகின்றது. ஆதலால் ஆண்டில் சில மாதங்கள் பூமி அக்கலத்தை நோக்கி நெருங்கும். அப்பொழுது விலகியோடும் கலத்தின் குரலும் சுருதி உயர்ந்தே கேட்கும்.

டாப்ளர் விதியைச் சிறிது மறந்தாலும் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. சனிக் கோளை நோக்கி 1997-ஆம் ஆண்டில் காசினி என்னும் கலம் புறப்பட்டது. சனியின் துணைக்கோளாகிய டைட்டானில் இறங்குவதற்காக ஹைகன்ஸ் என்னும் சிறு கலத்தையும் அது சுமந்து சென்றது. ஹைகன்ஸ் அனுப்பும் செய்தியைக் காசினி பெற்றுப் பூமிக்கு அனுப்ப வேண்டும். இரு கலங்களுக்கும் இடையே உள்ள விரைவினால் வானொலி அலையின் அதிர்வெண் மாறும் என்பதை அமைத்தோர் அறிந்திருந்தனர். ஆனால், அவ்வலையில் ஏறிவரும் செய்திக் குறிகளின் இடைவெளியும் அதே அளவில் மாறும் அன்றோ? அதற்குக் காசினியின் கருவி இடம் கொடுக்கவில்லை. 2000-ஆம் ஆண்டில், கலங்கள் பயணத்தில் இருந்தபொழுது, போரிஸ் ஸ்மெட்ஸ் என்னும் பொறியாளர் வற்புறுத்திச் செய்த சோதனையால் இக்குறை வெளிப்பட்டது. கருவியைத் திருத்த வழியில்லை. எனவே, பாதையைத் திருத்தினர். டைட்டானுக்கு மிக அருகில் செல்லாமல் சுமார் 60,000 கிலோமீட்டர் தொலைவில் காசினியைச் செலுத்தினர். அதனால் கலங்கள் ஒன்றையொன்று நெருங்கும் விரைவு குறைந்தது. 2005-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் ஹைகன்ஸ் டைட்டானில் இறங்கியது. அதன் படங்களும் செய்திகளும் பூமியை வந்தடைந்தன.

முடிவுரை

உடல் நலிவும், வேலையில்லாத் துன்பமும், கற்றோரின் எதிர்ப்பும் டாப்ளரைத் தொடர்ந்து வருத்தின. அவர் கூறியவற்றுள் பிழையும் இருந்தது. எனினும், நகரும் பொருளிலிருந்து வரும் அலை அப்பொருளின் ஓட்டத்தையும் உடன்கொண்டு வருகின்றது என்னும் மெய்ம்மையை அவரே கண்டு சொன்னார். ஐயுற்றவர்கள் சோதித்தார்கள், பிழை உதிர்ந்தது, மெய் நிலைத்தது. பின்வந்தோர் அதனைத் திருத்தியும் விரித்தும் வளர்த்தனர். இன்று விண்வெளியில் ஓடும் ஒவ்வொரு கலத்தின் குறியையும் பெறுவோர், டாப்ளரின் விதியைக் கொண்டே தம் கருவிகளைச் சீர் செய்கின்றனர். உண்மையைத் துணிந்து கூறுவதும், கூறியதைச் சோதனைக்கு உட்படுத்துவதும், சோதனையின் முடிவை நடுநின்று ஏற்பதுமே அறிவியலின் நெறி என்பதை அவர் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.